டாக் டு மீ: பீட்டி கிரீன் கதையில் எவ்வளவு நிஜம்?

லார்ட்டன்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வர்ஜீனியாவில் லார்ட்டனுக்கு நாங்க குடிவந்து 2 வருஷம் ஆகுது. பொண்ணு சனிக்கிழமை ஆனா இங்க இருக்கிற ஒர்க்ஹவுஸ் கலை மையத்துக்கு மண்பாண்ட வகுப்புக்குப் போவா. வரிசையா செங்கல் கட்டடம், நடுவுல பெரிய புல்வெளி. ஏதோ பழைய காலேஜ்னுதான் நான் இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன். போன மாசம் அவளுக்காகக் காத்திருந்தப்ப பக்கத்துல இருந்த ஒரு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சது, இது சிறை வளாகமாம். வாஷிங்டன் டி.சி.யில் தண்டனை வாங்கினவங்களை வர்ஜீனியா மண்ணுல கொண்டுவந்து வச்சிருந்திருக்காங்க. கடைசிக் கைதி வெளியே போனது 2001-ல்.

வீட்டுக்கு வந்து தேடினா, இந்தச் சிறையில இருந்து வெளியே போன பீட்டி கிரீன்னு ஒருத்தர் வாஷிங்டனோட பெரிய ரேடியோ குரலா ஆனார்னும், அவரைப் பத்தி 2007-ல் 'டாக் டு மீ'ன்னு படம் வந்திருக்குன்னும் இருந்தது. அன்னைக்கு ராத்திரியே நானும் வீட்டுக்காரரும் பார்த்துட்டோம். எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவர்தான் பாதியிலேயே "இதெல்லாம் ஹாலிவுட் அளப்பு, ஒருத்தன் வாழ்க்கையில இவ்வளவு நடக்குமா" என்று ஆரம்பிச்சுட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியலை.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. சிறையில ஒரு கைதி உயரத்துல ஏறி நிக்கிறான், பீட்டி பேசியே இறக்கி விடறார், அதனால விடுதலை கிடைக்குது. நடந்ததா? மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ராத்திரி ரேடியோவில பேசி ஊரை அடக்கினார், அப்புறம் ஜேம்ஸ் பிரவுன் வந்து பாடினார்னு காட்டறாங்களே, அது? நாடு முழுக்கப் பார்க்கிற ஜானி கார்சன் டிவி ஷோவுக்குப் போய், ஜோக் சொல்லாமலே மேடையை விட்டு இறங்கினது?

பொண்ணுக்கு 15 வயசு. குடிமை உரிமைப் போராட்டத்துல ரேடியோவோட பங்குன்னு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் எடுத்திருக்கா. இந்தப் படத்தை அவளுக்குக் காட்டலாமா?

---

ரீல்பைத்தியம்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல. படம் ஆர் ரேட்டிங், அதாவது 17 வயசுக்குக் கீழ இருந்தா தியேட்டர்ல பெரியவங்க கூட இருக்கணும். வன்முறைக்காக இல்லை, வாய்க்காக. பீட்டியா நடிச்ச டான் சீடில் ஒரு வாக்கியத்தைக் கெட்ட வார்த்தை இல்லாம முடிச்சா அதிசயம். படுக்கையறை சமாசாரமும் கொஞ்சம் உண்டு. கூட உட்கார்ந்து பார்த்தா 15 வயசுக்குத் தாங்கும்னுதான் நான் சொல்வேன், உங்க வீடு, உங்க முடிவு.

நிஜம் பொய் எல்லாம் எனக்குத் தெரியாது, நான் படம் பார்க்கிற ஆளு. இயக்குநர் கேசி லெமன்ஸ், இசை டெரன்ஸ் பிளான்சார்டு. எல்லாரும் சீடிலைத்தான் பேசுவாங்க. எனக்கு அதுல ஆள், பீட்டியை ரேடியோவுக்குக் கொண்டுவர்ற நிலைய நிர்வாகி டூயி ஹியூஸா வர்ற சிவெட்டெல் எஜியோஃபர்தான். அந்த பில்லியர்ட்ஸ் சீனை இன்னொரு தடவை பாருங்க. அதுவரைக்கும் கோட்டும் டையுமா, பீட்டி கேலி பண்றதுக்குன்னே பிறந்த மாதிரி இருக்கிறவர், கோலை எடுத்து வரிசையா பந்தை உள்ள தள்ளும்போது தோள் எப்படி இறங்குது, நடை எப்படி மாறுதுன்னு கவனிங்க. எந்தத் தெருவுல வளர்ந்தவர்னு வசனமே இல்லாம தெரிஞ்சுடும். இந்த வேஷத்துக்கு அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது கிடைச்சது. தியேட்டர்ல படம் ஓடலைங்கிறது வேற விஷயம்.

பிற்பாதி தொய்வுதான், ஒத்துக்கறேன். கார்சன் ஷோவுக்கு அப்புறம் படத்துக்கு எங்க போறதுன்னே தெரியலை.

---

பழைய ஹோவர்ட் மாணவன்:

அம்மா லார்ட்டன்வாசி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1979-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு மின்பொறியியல் மேல்படிப்புக்கு வந்தவன். ஜார்ஜியா அவென்யூவை ஒட்டி ஒரு வீட்டின் மாடியில் அறை. கூட இருந்தவன் வாஷிங்டனிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்களிடம் இருந்தது ஒரு கருப்பு வெள்ளை டிவி. 20-ஆம் சேனலைப் பிடிக்க வளைய ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒருவன் அதைத் தொட்டுக்கொண்டே நிற்கவேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவன் நான்தான்.

ஒரு நாள் அதில் ஒருவர் பெரிய பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, டிவியில் கலரைச் சரி செய்துகொள்ளுங்கள் என்றார். நான் நிஜமாகவே குமிழைத் தேடினேன். இருப்பதே கருப்பு வெள்ளை, இதில் எந்தக் கலரைத் திருத்துவது? அறைத்தோழன் தரையில் உருண்டு சிரித்தான். திரையில் இத்தனை கருப்பாக ஒரு முகம் வருகிறதே, பெட்டி பழுதோ என்று நினைத்துவிடாதீர்கள் என்பதுதான் அந்த ஆள் சொன்னதன் பொருள். இது புரியவே எனக்கு அரை நிமிடம் ஆனது. அப்படித்தான் எனக்குப் பீட்டி கிரீன் அறிமுகம். நிகழ்ச்சியின் பெயர் 'பீட்டி கிரீன்ஸ் வாஷிங்டன்'. 1976 முதல் 1982 வரை ஓடியது, உள்ளூர் எம்மி விருது இரண்டு தடவை வாங்கியது. ஆகையால் நான் பார்த்தது டிவி பீட்டியை, அவருடைய கடைசிக் காலத்தை. 60-களின் ரேடியோ பீட்டியை அறைத்தோழனும் அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரம்மாவும் சொல்லித்தான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது உங்கள் கேள்விகள்.

சிறையில் உயரத்தில் ஏறியவன் கதை நிஜம், படத்தில் இருப்பதைவிடச் சுவாரசியமான நிஜம். பீட்டி 1960-ல் ஒரு மளிகைக் கடையில் ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த வழக்கில் 10 ஆண்டு தண்டனை வாங்கி உங்கள் ஊருக்கு வந்தவர். உள்ளேயே ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுப் பேசிக் கைதிகளிடம் பேர் வாங்கினார். 1966 மே மாதம் ஒரு கைதி சிறையின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் ஏறிக் குதிக்கப்போகிறேன் என்றான். பீட்டி பேசி இறக்கினார். அதற்கு நன்றியாகத் தண்டனை குறைந்து வெளியே வந்தார். பின்னாளில் பீட்டியே சிரித்துக்கொண்டு சொன்னது, அவனை மேலே ஏறச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு ஆறு மாதம் ஆனது என்று. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். அளந்தது ஹாலிவுட் இல்லை, அந்த மனுஷனே அளப்பதில் மன்னன்.

ஒரு சின்னத் திருத்தம். உங்கள் மகள் மண்பாண்டம் செய்யும் இடம் ஒர்க்ஹவுஸ் பகுதி. 1917-ல் ஓட்டுரிமை கேட்ட பெண்களை அடைத்து அடித்தது அங்கேதான். பீட்டி இருந்த சீர்திருத்தச் சிறை சில்வர்புரூக் ரோடு பக்கம். அந்தக் கட்டடங்களில் இப்போது அபார்ட்மெண்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

கிங் கொல்லப்பட்ட 1968 ஏப்ரல் 4-க்கு வருவோம். படத்தின் உயிர் அந்தக் காட்சிதான். நடந்ததைத் தனியாகச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் மெம்பிஸில் சுடப்பட்ட செய்தி வந்ததும் கூட்டம் சேர்ந்தது 14-ஆம் தெருவும் யூ தெருவும் சந்திக்கும் முனையில். கருப்பர் உரிமைப் போராட்டத்தின் இளம் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேல் கூட்டத்தோடு நடந்து, கிங்குக்கு மரியாதையாகக் கடைகளை மூடுங்கள் என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டார். மூடுவதில் ஆரம்பித்தது கண்ணாடி உடைப்பதில் போய், மறுநாள் தீயில் முடிந்தது. ஊரை அடக்க 13,000 பேருக்கு மேல் ராணுவம் வந்தது. நாடாளுமன்றப் படிக்கட்டில் எந்திரத் துப்பாக்கி வைத்துக் காவல் காத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா அப்போது 7-ஆம் தெரு ஓரம் இருந்தவர். துணி துவைத்தும் ஒரு வாரம் புகை வாசம் போகவில்லை என்பார். கருப்பர் கடைக்காரர்கள் 'சோல் பிரதர்' (நாங்களும் கருப்பர்தான் என்று பொருள்) என்று கண்ணாடியில் எழுதிவைத்துத் தப்பித்ததையும், அந்த எழுத்தை அவசரத்தில் தப்பும் தவறுமாக எழுதிய ஒரு கடைக்காரரையும் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

நான் 1979-ல் வந்தபோதும் 14-ஆம் தெருவில் பல இடங்களில் வெறும் மண்மேடுதான். ஒரு பல் விட்டு ஒரு பல் விழுந்த வாய் மாதிரி. எரிந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. யூ தெருவில் மெட்ரோ ரயில் வந்தது 1991-ல்.

அன்றிரவு பீட்டி மைக்கில் உட்கார்ந்து வீட்டுக்குப் போங்கள் என்று பேசினார் என்பது வாஷிங்டன்காரர் எல்லாரும் சொல்லும் விஷயம். அவர் பேசியதால் ஊர் அடங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஊர் அடங்கவில்லை, நான்கு நாள் எரிந்தது. படமும் அதைத் தாண்டிப் போகவில்லை, அது வரைக்கும் நேர்மைதான். ஜேம்ஸ் பிரவுன் கச்சேரியில்தான் கைவைத்துவிட்டார்கள். பெயர்பெற்ற அந்தக் கச்சேரி ஏப்ரல் 5-ஆம் தேதி பாஸ்டன் கார்டனில் நடந்தது. ஜனங்கள் தெருவில் இறங்காமல் வீட்டில் இருந்து பார்க்கட்டும் என்று அதை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். அதன் பிறகு பிரவுன் வாஷிங்டனுக்கும் வந்தார். இங்கே டிவியில் தோன்றி அமைதி கேட்டார். இரண்டையும் சேர்த்துக் குழைத்து, பீட்டியும் டூயியும் ஏற்பாடு செய்த மேடை மாதிரி படத்தில் காட்டியிருக்கிறார்கள்.

ஜானி கார்சன் விஷயம் முழுக்கக் கற்பனை. பீட்டி அந்த ஷோவில் வந்ததே இல்லை.

ஆனால் பாருங்கள், எனக்கு அந்தப் பொய்க் காட்சிதான் படத்திலேயே சரியாகப் பட்டது. ஏன் என்று மின்பொறியியல்காரனாகச் சொல்கிறேன். பீட்டி பேசிய டபிள்யூ.ஓ.எல். நிலையம் மீடியம் வேவில் 1450 கிலோஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் அனுமதித்த சக்தியே அதிகபட்சம் 1,000 வாட், ராத்திரியில் அதிலும் குறைத்துவிட வேண்டும். அதே ஊரில் 50,000 வாட் நிலையம் ஒன்று இருந்தது. இருட்டினால் அதன் ஒலி பல மாநிலம் தாண்டிக் கேட்கும். டபிள்யூ.ஓ.எல். அப்படி இல்லை. காரை எடுத்துக்கொண்டு மேரிலாண்டுக்குள் கொஞ்ச தூரம் போனால் இரைச்சல்தான். அதாவது பீட்டி வாய் திறந்தால் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். எந்த மதுக்கடை முனை, எந்த வாடகைக்காரன், எந்தப் பள்ளி என்று அவர் சொன்னால் கேட்பவனுக்கு அந்த முனை தெரியும். ஒருத்தரைத் திட்டினால், திட்டு வாங்கியவரின் சித்தப்பாவும் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட பேச்சை நாடு முழுக்கக் கேட்கும் மேடையில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? படத்தில் ஆனதுதான் ஆகும்.

இன்னொன்று. அப்போது அது என்ன ஊர் என்று நினைத்துப் பாருங்கள். நாட்டின் தலைநகர், ஜனங்களில் பெரும்பாதி கருப்பர். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் முதல்முதலாக ஓட்டுப் போட்டதே 1964-ல்தான். மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்க 1974 வரை காத்திருந்தார்கள். பீட்டி மைக் பிடித்த 1966-ல் ஊர்க்காரனுக்கு நகராட்சியில் யாரையும் இறக்க ஓட்டு இல்லை. ரேடியோவுக்குப் போன் போட்டுத் திட்ட மட்டும் முடிந்தது.

சரி, எனக்குப் படத்தின் மேல் இருக்கும் ஒரே வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு அவர் ஒரு வாய். நான் இருந்த தெருவில் அவர் ஒரு வேலைக்காரர். வெளியே வந்ததும் யுனைடெட் பிளானிங் ஆர்கனைசேஷன் என்ற வறுமை ஒழிப்பு அமைப்பில் சேர்ந்து தெருத்தெருவாக வேலை செய்தார். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை தேடித்தர 'எஃபர்ட்ஸ் ஃபார் எக்ஸ்-கான்விக்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பேரணிகளில் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தவர்களைப் பற்றி எத்தனையோ படம் உண்டு. அந்த வரிசையில் நிற்க வைக்க யாரும் கூப்பிடாதவன் இருந்தான், குடிகாரன், கஞ்சா விற்றவன், நேற்று ஜெயிலிலிருந்து வந்தவன். அவனுக்காகப் பேசியவர் பீட்டி, அவரே அவனாக இருந்ததால். தன் குடியைப் பற்றியும் மைக்கில் ஒளிக்காமல் பேசுவார். எங்கள் அறைத்தோழனின் மாமா ஒருவர் லார்ட்டனில் இருந்து வந்து இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் திரிந்தவர். பீட்டி நிகழ்ச்சி ஓடும்போது வீட்டில் யாராவது பேசினால் செருப்பைக் கழற்றுவார். படத்தில் இந்த வேலை எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. படமாக்கினால் போர் அடிக்கும் என்று நினைத்திருக்கலாம்.

வெள்ளை மாளிகைக் கதையையும் சொல்லாமல் விட்டால் அறைத்தோழன் என்னைச் சும்மா விடமாட்டான். 1978 மார்ச்சில் யுகோஸ்லாவிய அதிபர் டிட்டோவுக்கு ஜிம்மி கார்ட்டர் கொடுத்த விருந்துக்குப் பீட்டியையும் அழைத்திருந்தார்கள். கொள்ளைக் கேஸில் உள்ளே இருந்த ஆள், 12 வருஷத்தில் வெள்ளை மாளிகைச் சாப்பாட்டு மேசையில். திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? அங்கிருந்து ஒரு ஸ்பூனைத் திருடிவந்தேன் என்றார்.

1984 ஜனவரி 10-ல் புற்றுநோயில் போனார். 53-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. யூனியன் வெஸ்லி தேவாலயத்தில் அவரைக் கடைசியாகப் பார்க்க 10,000 பேர் அளவுக்கு வந்தார்கள். நான் போகவில்லை. அப்போது மேரிலாண்டில் புது வேலை, லீவு கேட்கக் கூச்சம். அறைத்தோழன் போய் வரிசையில் நின்றான். குளிரில் கால் மரத்துவிட்டது, ஆனால் வரிசையில் எல்லாரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள், ஆளாளுக்கு ஒரு பீட்டி கதை சொன்னார்கள் என்று போனில் சொன்னான். போகாதது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

---

ரீல்பைத்தியம்:

ஐயா, 1,000 வாட் விஷயத்தை எந்த விமர்சகனும் எழுதலை. கார்சன் சீனை இனிமே வேற மாதிரிதான் பார்ப்பேன். தொய்வுன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

---

மீனாட்சி சு:

ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணு சேர்க்கணும். இந்தப் படம் யாரோட கண்ணு வழியா சொல்லப்பட்டிருக்குன்னு கவனிச்சீங்களா? திரைக்கதை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் மைக்கேல் ஜெனெட். அவர் டூயி ஹியூஸோட மகன். அதனால இது பீட்டியோட வாழ்க்கைக் கதைன்னு சொன்னாலும், உள்ளுக்குள்ள அப்பாவைப் பத்தி மகன் எழுதின கதை. நான் சொல்லப் பயப்படறதை நீ சொல்றே, நீ செய்யப் பயப்படறதை நான் செய்யறேன்னு ரெண்டு பேருக்கும் இருக்கிற கொடுக்கல் வாங்கல்தான் முழுப் படமும். தப்புன்னு சொல்லலை. தெரிஞ்சு பார்க்கணும்.

எனக்கு உறுத்தினது வேற. டூயி பின்னாடி டபிள்யூ.ஓ.எல். நிலையத்தையே வாங்கிடறார்னு படத்துல பெருமையா வருது. 1980-ல் வாங்கினது உண்மை. ஆனா தனியா வாங்கலை, மனைவி கேத்தி ஹியூஸோட சேர்ந்து வாங்கினார். கடனுக்காக அந்தம்மா 32 பேங்க் ஏறி இறங்கி, எல்லாரும் முடியாதுன்னு சொன்ன பிறகு 33-ஆவது இடத்துலதான் கிடைச்சது. கடன் கொடுத்த அதிகாரியும் ஒரு பெண். கொஞ்ச நாள்ல கல்யாணம் முறிஞ்சது, அவர் பங்கையும் இவங்களே வாங்கினாங்க. வீட்டை விட்டுட்டு மகனோட ஸ்டேஷன்லேயே ஸ்லீப்பிங் பேக் விரிச்சுப் படுத்தாங்க. பாட்டுப் போட்டுட்டிருந்த ஸ்டேஷனைப் பேச்சு ஸ்டேஷனா மாத்தி, காலையில தானே மைக் பிடிச்சாங்க. அதுதான் ரேடியோ ஒன் கம்பெனியா வளர்ந்து 1999-ல் பங்குச் சந்தைக்குப் போச்சு. படத்துல அவங்க நிழல்கூட இல்லை.

ஐயா, நீங்க ஹோவர்ட்ல இருந்த காலத்துல அவங்க அங்க வேலை பார்த்துட்டு அப்பத்தான் போயிருப்பாங்களே?

---

பழைய ஹோவர்ட் மாணவன்:

ஆமாம் அம்மா. பல்கலைக்கழக நிலையமான டபிள்யூ.எச்.யூ.ஆரை அவர்தான் நடத்தினார். ராத்திரி மெல்லிசை நிகழ்ச்சி 'குவயட் ஸ்டார்ம்' 1976-ல் அவர் காலத்தில் ஆரம்பித்தது. தேர்வுக்குப் படிக்கிற ராத்திரிகளில் எங்கள் மாடி முழுக்க ஒவ்வொரு அறையிலும் அதுதான் ஓடும். சுவருக்குச் சுவர் கேட்கும், ரேடியோ இல்லாதவன்கூடக் கேட்கலாம். நீங்கள் சொன்னது சரி, அவரை விட்டுவிட்டு டபிள்யூ.ஓ.எல். கதையை முடித்தது படத்தின் பெரிய ஓட்டை. நான் பீட்டி மோகத்தில் அதை மறந்தே போனேன்.

---

லார்ட்டன்வாசி:

ஐயா, மீனாட்சி அக்கா, ரீல்பைத்தியம், எல்லாருக்கும் நன்றி. தண்ணீர்த் தொட்டிக் கதையை வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அப்ப அந்த ஆள் நிஜமாவே நம்மூரு ஜெயில்ல…" அப்படின்னு இழுத்துட்டு, எழுந்து போய் மேப்பைத் திறந்து சில்வர்புரூக் ரோடைத் தேடினார். அவர் தோத்துட்டார்னு நான் கணக்கு வச்சுக்கிட்டேன்.

ப்ராஜெக்டுக்கு ஒண்ணு கேட்கணும். அவ டீச்சர், ஒரே ஆளைப் பத்தி மட்டும் இருக்கக்கூடாது, போராட்டத்துல ரேடியோ எப்படி வேலை செஞ்சதுன்னு வேணும்னு சொல்லியிருக்காங்களாம். பீட்டி கலவரத்து நேரத்துக்கு ஓகே. அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?

---

பழைய ஹோவர்ட் மாணவன்:

மகளுக்கு நான் மூன்று ஊர் சொல்வேன்.

முதலில் அட்லாண்டா. டபிள்யூ.ஈ.ஆர்.டி. நிலையம். 1949-ல் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கருப்பர் வாங்கினார். நாட்டிலேயே கருப்பர் கைக்கு வந்த முதல் நிலையம். ஆபர்ன் அவென்யூவில் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் கிங்கின் இயக்க அலுவலகம். கிங்குக்கு அவசரமாக ஏதாவது அறிவிக்க வேண்டுமென்றால் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம், மேலேயிருந்து மைக்கை ஜன்னல் வழியாக இறக்கிவிடுவார்களாம். கொஞ்சம் காதும் மூக்கும் வைத்த கதையாக இருக்கலாம், ஆனால் அங்கே எல்லாரும் சொல்வது.

அடுத்தது பர்மிங்ஹாம், 1963 மே. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்தான் இதில் நாயகர்கள், அதனால் இதில் அதிகம் நிற்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஊர்வலம் போனால் வேலை போய்விடும், எனவே பள்ளிப் பிள்ளைகளை இறக்குவது என்று முடிவானது. எப்படிச் செய்தி சொல்வது? டபிள்யூ.ஈ.என்.என். நிலையத்தில் ஷெல்லி ஸ்டூவர்ட், 'டால் பால்' ஒயிட் என்று இரண்டு டிஸ்க் ஜாக்கிகள். பாட்டுக்கு நடுவில், பூங்காவில் பெரிய பார்ட்டி இருக்கு, வரும்போது பல் துலக்கும் பிரஷ் எடுத்துக்கிட்டு வாங்க என்பார்கள். கேட்கிற போலீஸ்காரனுக்கு ஒன்றும் புரியாது. பிள்ளைகளுக்குப் புரியும். பூங்கா என்றால் கெல்லி இங்ராம் பூங்கா. பிரஷ் எதற்கு? ராத்திரி ஜெயிலில்தானே தங்கப்போகிறார்கள். மே 2-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நூற்றுக்கணக்கில் கைதானார்கள். மறுநாள்தான் அவர்கள் மேல் தீயணைப்புக் குழாய்த் தண்ணீரையும் போலீஸ் நாயையும் ஏவினார்கள்.

மூன்றாவது மெம்பிஸ். டபிள்யூ.டி.ஐ.ஏ. முதலாளிகள் வெள்ளையர்தான். ஆனால் 1948-ல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை மைக்கில் உட்கார வைத்தார்கள், அடுத்த ஆண்டுக்குள் காலை முதல் மாலை வரை கருப்பர் நிகழ்ச்சிகளாக மாற்றினார்கள். லாபத்துக்காகச் செய்ததுதான். டபிள்யூ.ஓ.எல். கதையும் இதே. படத்தில் மார்ட்டின் ஷீன் நடித்த சோண்டர்லிங் அங்கே நிஜ முதலாளி. பணம் ஒருவர் கையில், குரல் இன்னொருவருடையது. இந்த இழுபறியை மகள் பிடித்துக்கொண்டால் ப்ராஜெக்டுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

1967 ஆகஸ்டில் அட்லாண்டாவில் கருப்பின அறிவிப்பாளர்கள் மாநாட்டில் கிங் பேசியதையும் தேடச் சொல்லுங்கள். பர்மிங்ஹாமில் டால் பால் செய்ததைப் பேர் சொல்லிப் பாராட்டியிருப்பார். பெரிய உரைகளின் வரிசையில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

படத்தைக் காட்டுவதற்கு முன்னால், பீட்டியின் நிஜ முகத்தை அவள் பார்க்கட்டும். 'அட்ஜஸ்ட் யுவர் கலர்' என்று 2008-ல் ஓர் ஆவணப்படம் வந்தது. குரல் கொடுத்தவர் அதே டான் சீடில். அது கிடைக்காவிட்டால் தர்பூசணி எப்படிச் சாப்பிடுவது என்று பீட்டி வகுப்பெடுக்கும் டிவி துண்டு இணையத்தில் எங்கும் கிடைக்கும். வெறும் சிரிப்புத் துண்டு என்று நினைத்துவிட வேண்டாம். கருப்பர்களைத் தர்பூசணி தின்பவர்கள் என்று கேலிப்படம் போட்டே நூறு வருஷம் அவமானப்படுத்திய நாடு இது. அதனால் வெள்ளைக்காரர் முன்னால் அந்தப் பழத்தைத் தொடவே கூசியவர்கள் உண்டு, தொட்டாலும் முள்கரண்டியால் நாசூக்காகக் குத்தித் தின்பார்கள். பீட்டி கேமராவைப் பார்த்து, கையால் எடுத்து, சாறு வழிய வழியத் தின்றுகாட்டுவார்.

---

லார்ட்டன்வாசி:

ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு 'பிரஷ் எடுத்துட்டு வாங்க'. பர்மிங்ஹாம்தான் பாதிக்கு மேல. மெம்பிஸை ஒரு பத்தியில முடிச்சுட்டா, ஐயா கோச்சுக்கக் கூடாது. துடைப்பக் கட்டைக் கதையை "சொல்லப்படுகிறது"ன்னு போட்டுத்தான் எழுதணும்னு டீச்சர் சொன்னாங்களாம்.

படம் இன்னும் காட்டலை. தர்பூசணி வீடியோ மட்டும் பார்த்தா, அடுத்தடுத்து ரெண்டு தடவை. ஏன் முள்கரண்டி வேணாங்கறார்னு நீங்க எழுதினதை அப்புறம் வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை நான் பழம் நறுக்கித் தட்டுல வச்சு முள்கரண்டி போட்டுக் கொடுத்தேன். எடுத்துட்டுப் போய் டிராயர்ல வச்சுட்டு வந்து உட்கார்ந்தா.

சட்டை பூரா கறை.